வோக்கர் வருமுன் சுருளை அணையுங்கள்

கேள்வி: நாங்கள் களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு மாதம். கட்டாரில் வேலை செய்யும் என் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார். மருமகனுக்கு வோக்கர் வாங்கி வருகிறேன், வேறு என்ன வேண்டும் என்று கேட்கிறார். வோக்கரில் விட்டால் பிள்ளை கெதியாக நடப்பான் என்று மாமியும் சொல்கிறார். மழை தொடங்கியதிலிருந்து நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. இரவில் சுருள் கொளுத்துகிறோம். பிள்ளைக்குப் பத்து நாளாக இருமல் இருக்கிறது, ஆனால் சுருளை விட்டால் டெங்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பகலில் ஏணையில்தான் தூங்குவான். குளிக்க வார்த்த பிறகு சாம்பிராணிப் புகை காட்டி, பவுடர் போடுவோம். இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்?

பதில்: தங்கச்சி, நீங்கள் வோக்கரைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் இருமலிலிருந்து தொடங்குகிறேன். வோக்கர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சுருள் இன்றைக்கு இரவே எரியப்போகிறது.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்திவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு, நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு எடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபடுகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், பால் குடிக்க முடியாமல் களைத்தாலும், பதிலை மேற்கொண்டு வாசிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பத்து நாள் இருமலை ஒரு வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும். இந்தக் கிழமையே காட்டிவிடுங்கள்.

சரி, இனிச் சுருளுக்கு வருகிறேன். நுளம்புச் சுருள் என்பது மரத்தூள், சிரட்டைத்தூள் போன்றவற்றோடு கொஞ்சம் பூச்சிமருந்தைக் கலந்து செய்வது. நுளம்பை விரட்டுவது அந்தக் கொஞ்ச மருந்து. பிள்ளையின் நெஞ்சுக்குள் போவது மற்ற எல்லாம் எரிந்து வரும் புகை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. உங்கள் வீட்டுக்காரர் பிள்ளையின் தலைமாட்டில் இருந்து ஒரு சிகரெட் பற்றவைத்தால் மாமியே எழும்பி ஏசுவார். சுருளை யாரும் ஏசுவதில்லை, அது பிள்ளையைக் காப்பாற்றத்தானே எரிகிறது என்ற எண்ணம். அதிலும் மாரிகாலத்தில், சாரல் அடிக்கிறது என்று யன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்திவிடுவோம். அந்தப் புகை விடியும்வரை அறைக்குள்ளேயே நிற்கும். பெரியவர்களை விட இரண்டு மடங்கு வேகமாக மூச்சு விடும் ஒரு சின்ன உடம்பு அதற்குள் கிடக்கிறது.

டெங்கு வந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. 2017 இல் மட்டும் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு பதிவானது. எங்கள் பக்கத்தில் மாரி மழையோடும் அதற்குப் பிந்திய மாதங்களிலும்தான் அது தலைதூக்கும். ஆனால் டெங்கைப் பரப்பும் நுளம்பு எந்த நேரத்தில் கடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது பகல் நுளம்பு. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது படுவதற்கு முன் சில மணி நேரமும்தான் அது மும்முரமாகக் கடிக்கும். இரவில் காதுக்குள் வந்து பாடுகிற நுளம்பு பெரும்பாலும் வேறு இனம். அப்படியென்றால் உங்கள் வீட்டில் சுருள் எரிவது டெங்கு நுளம்பு ஓய்ந்த நேரத்தில். டெங்கு நுளம்பு நடமாடும் நேரத்தில் பிள்ளை ஏணையில், வலை இல்லாமல் தூங்குகிறான். கிளினிக்கில் தாய்மாரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பகல் தூக்கத்துக்கு வலை போடுங்கள். இரவில் வலை போடாத வீடு எங்கள் பக்கம் குறைவு, பகலில் போடும் வீடும் அதைவிடக் குறைவு.

உங்கள் மகனின் வயதை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெங்கில் நான்கு வகை இருக்கிறது. தாய்க்கு முன்பு ஒரு வகை வந்துபோயிருந்தால், அதற்கான எதிர்ப்புச் சக்தி கருவிலேயே பிள்ளைக்கும் வரும். முதல் சில மாதங்கள் அது காப்பாற்றும். பிறகு குறைந்துகொண்டே போய், பாதி தேய்ந்த நிலையில் அதுவே டெங்கை மோசமாக்கக்கூடும். ஆறு, ஏழு, எட்டு மாதப் பிள்ளைகளுக்கு முதல் தடவை வரும் டெங்குகூடச் சில வேளை கடுமையாவது இதனால்தான். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வலைக்கு நான் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆகவே சுருளை இன்றே நிறுத்துங்கள். இரவும் பகலும் வலை. பிளக்கில் செருகும் திரவ மருந்தில் புகை இல்லைதான், ஆனாலும் அதுவும் பூச்சிமருந்துதான். எப்போதாவது தேவைப்பட்டால் பிள்ளை இல்லாத அறையில் போட்டு, படுக்கப் போகுமுன் நிறுத்தி, யன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள். தவழத் தொடங்கும் பிள்ளைக்குச் சுவரின் அடியில் இருக்கும் பிளக் நல்ல விளையாட்டுச் சாமான், அந்தக் குப்பியையும் கழற்றிவிடுவான். கையில் எட்டாத இடத்தில் வையுங்கள். கிழமைக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளலாம், வளவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இளநீர்க் கோம்பை, பழைய டயர், கூரைப் பீலியில் அடைத்த சருகு, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு. முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். கிழமைக்கு ஒரு முறை தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றித் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகும் காய்ச்சல் வந்தால்: ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பரசிற்றமோல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. வேறு காய்ச்சல் மருந்து எதுவும் வேண்டாம். இபுபுரூபன், அஸ்பிரின் இரண்டும் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு இந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள்வரை பார்த்திருக்காமல் முதல் நாளே காட்டுங்கள். காய்ச்சல் விட்டவுடன் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். டெங்கில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கைகால் குளிர்ந்திருத்தல், ஓயாத வாந்தி, பால் மறுத்தல், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை என்று எதைக் கண்டாலும் ஓட்டோவுக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி வோக்கர். என் பதில்: வேண்டாம். அண்ணன் ஏற்கனவே வாங்கிவிட்டாலும் வேண்டாம்.

வோக்கர் நடை பழக்குவதில்லை. அதில் இருக்கும் பிள்ளை கால் விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளிப் போகிறது. நடப்பதற்கு வேண்டியது இடுப்பின் பலம், சமநிலை, விழுந்து எழும்பும் பழக்கம். வோக்கரில் இருக்கும்போது இதில் ஒன்றும் நடப்பதில்லை. தன் கால் எங்கே வைக்கப்படுகிறது என்றுகூட அதற்குத் தெரியாது, முன்னால் இருக்கும் தட்டு மறைத்துவிடும். அயர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2002 இல் வெளிவந்தது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்து ஒவ்வொரு 24 மணி நேர வோக்கர் பாவனைக்கும் தனியாக நடப்பது மூன்று நாளுக்குச் சற்று அதிகமாகப் பின்தள்ளிப்போனதை அதில் கண்டார்கள். மாமி நினைப்பதற்கு நேர் எதிர். அவரில் பிழை இல்லை. வோக்கரில் ஓடித்திரியும் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பிந்தி நடப்பது பெரிய விஷயமல்ல, சில நாளில் சரியாகிவிடும். என் கவலை காயம். வோக்கரில் இருக்கும் பிள்ளை ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். நீங்கள் கதிரையிலிருந்து எழும்புமுன் அவன் வாசலில் நிற்பான். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வோக்கரால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். நான்கில் மூன்று பங்கு மாடிப்படியில் விழுந்தவை. கனடா 2004 இல் வோக்கர் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் விளம்பரம் செய்வதையும் முழுதாகத் தடை செய்துவிட்டது.

எங்கள் வீட்டில் மாடி இல்லையே என்பீர்கள். களுவாஞ்சிகுடியில் வீட்டை எப்படிக் கட்டுகிறோம்? வெள்ளம் ஏறும் என்று அத்திவாரத்தை உயர்த்தி, விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு மூன்று நான்கு சீமெந்துப் படி வைக்கிறோம். ஏழு மாதப் பிள்ளை தலைகீழாக விழுவதற்கு அந்த உயரம் போதும். அதோடு குசினியில் தரையோடு இருக்கும் அடுப்பு, மூலையில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், வளவில் கட்டு உயராத கிணறு. தவழும் பிள்ளைக்கு மேசை விளிம்பு எட்டாது, வோக்கரில் நிற்கும் பிள்ளைக்கு எட்டும். மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தால் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தேத்தண்ணி முகத்திலும் நெஞ்சிலும் கொட்டும். அப்படி வந்த ஒரு பிள்ளைக்கு மருந்து கட்டியபோது, அந்தத் தாய் “நான் பக்கத்தில்தான் இருந்தேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

எப்போதாவது சுடுதண்ணீர் பட்டுவிட்டால் பைப்பில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை வெள்ளை எதுவும் பூச வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரும்பி வரும்போது அது நுரையீரலுக்குள் போகும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வோக்கருக்குப் பதிலாக என்ன? ஒரு பன்பாயைத் தரையில் விரித்து அவனைக் குப்புற விடுங்கள். கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு சில்வர் கோப்பையும் கரண்டியும் வையுங்கள். எட்டி, உருண்டு, அரைந்து போய்ப் பிடிப்பான். எட்டு ஒன்பது மாதத்தில் வாங்கைப் பிடித்து எழும்புவான், பிறகு அதன் ஓரமாகவே பக்கவாட்டில் நடப்பான். பாய் விரிக்குமுன் நீங்களும் ஒரு தடவை தரையில் இருந்து, அவன் கண் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பொத்தான் பற்றரியும் நாணயமும் அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏணை எனக்கும் பிடித்ததுதான். மருதமுனைச் சேலையில் கட்டிய ஏணையில் ஆடித்தான் எங்களில் பலர் வளர்ந்தோம். ஆனால் அது புரளாத பிள்ளைக்கு உரியது. ஏழு மாதத்தில் உங்கள் மகன் புரள்வான், எழும்பி இருக்கப் பார்ப்பான். கவிழ்ந்து விழலாம், மடிப்புக்குள் முகம் புதையலாம், கயிற்றில் கழுத்து மாட்டலாம். தூங்க வைக்க ஆட்டுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை. கண் அசந்ததும் தூக்கிப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, மேலே வலையைப் போடுங்கள். தலையணை வேண்டாம்.

சாம்பிராணியை இருமல் இருக்கும்வரையாவது நிறுத்துங்கள், பிறகும் நிறுத்தினால் நல்லது. தலையைத் துவாயால் ஒற்றித் துடைத்தால் ஈரம் போய்விடும். மாமிக்கு மனம் கேட்கவில்லை என்றால் சாமியறையில் காட்டட்டும், பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். பவுடர் எந்தப் பிள்ளைக்கும் தேவையில்லை. உள்ளங்கையில் தட்டும்போது பறக்கும் தூளைப் பிள்ளை மூச்சோடு உள்ளே இழுக்கும், மடிப்புகளில் அது வியர்வையோடு கட்டிபட்டுப் புண்ணாக்கும். நீங்கள் கேட்காத ஒன்று: இருமலுக்கு என்று படுவான்கரைப் பக்கத்திலிருந்து யாராவது காட்டுத்தேன் கொண்டு வந்து தருவார்கள். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து, அந்த வயதுப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் சோரவைக்கும். தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இது மாறாது.

அண்ணனுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். ஆசையோடு கேட்கிறவரிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். குடை மாதிரி விரித்து மடக்கும் பிள்ளை நுளம்பு வலை இரண்டு கொண்டு வரச் சொல்லுங்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று அம்மா வீட்டுக்குப் போகும்போது. யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலைத்துணி சில மீட்டரும் வாங்கலாம். வெப்பமானி ஒன்று. காசு மிஞ்சினால் விறாந்தைப் படிக்கு இங்கேயே ஒரு தச்சரைப் பிடித்து இடுப்பளவு உயரத்தில் மரக் கதவு ஒன்று போட்டுக் கொடுக்கட்டும், மாமா போட்ட கதவு என்று மகன் பெரியவனாகியும் சொல்வான். வோக்கர் வந்தே விட்டால் அதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சக்கரங்களைக் கழற்றிவிட்டு எறியுங்கள்.

மூச்சை எண்ணிப் பார்த்தீர்களா? எண்ணிக்கையைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் திகதியோடு எழுதி, வைத்தியரிடம் போகும்போது கொண்டு போங்கள்.