மறதி நோய்க்கு மாத்திரைக்குப் பதில் பேட்ச்: அம்மாவுக்கு எப்படி ஒட்டுவது?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. ரிவாஸ்டிக்மின் கேப்ஸ்யூலின் அளவைக் கூட்டியதிலிருந்து ஒரே குமட்டல், வாந்தி. பயந்துபோய் ஒரு வாரமாக நாங்களே நிறுத்திவிட்டோம். இப்போது டாக்டர் தோலில் ஒட்டும் பேட்ச் 4.6 எழுதியிருக்கிறார். தோலில் ஒட்டினால் மருந்து மூளைக்குப் போய்ச் சேருமா? 9.5 பேட்ச் வாங்கிப் பாதியாக வெட்டி ஒட்டினால் செலவு குறையும் என்கிறான் தம்பி. அல்ட்ராசவுண்ட் கருவியால் மூளைக்குள் மருந்து செலுத்துகிறார்களாமே, அதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: பேட்ச்சை வெட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க மருந்து மெல்ல மெல்லக் கசியும்படி அடுக்கடுக்காகச் செய்யப்பட்ட பொருள் அது. கத்தரி பட்டுவிட்டால் உள்ளே எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. செலவு கையைக் கடிக்கிறது என்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதே மருந்து குறைந்த விலையில் வேறு தயாரிப்பாகக் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

அவர் 4.6-இல் தொடங்கச் சொன்னது சரிதான். இந்த மருந்து மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால், மறுபடி கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். நீங்கள் ஒரு வாரம் விட்டிருக்கிறீர்கள். குறைந்தது நான்கு வாரம் உடம்புக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் 9.5-க்குப் போவது வழக்கம்.

சரி, வாந்தி ஏன் வந்தது? அல்சைமரில் மூளை நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் குறைந்துபோகிறது. அதைச் சிதைக்கும் நொதியை ரிவாஸ்டிக்மின் தடுக்கிறது. அதனால் மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்கிறது. ஆனால் வயிற்றையும் குடலையும் முடுக்குவதும் இதே பொருள்தான். கேப்ஸ்யூலை விழுங்கினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து உச்சிக்கு ஏறி, பிறகு மளமளவென்று இறங்கிவிடும். அந்தத் திடீர் ஏற்றத்தைத்தான் அம்மாவின் உடம்பு தாங்கவில்லை. பேட்ச்சில் இந்த ஏற்றமும் இறக்கமும் வெகுவாகக் குறைவு. முதல் பேட்ச் ஒட்டியபின் உச்ச அளவைத் தொடவே எட்டு மணி நேரம் போல ஆகும்.

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் பேட்ச்சை 2007 ஜூலையில் அனுமதித்தது. அல்சைமருக்கு வந்த முதல் பேட்ச் இதுதான். அதற்கு முன் கிட்டத்தட்ட 1,200 நோயாளிகளிடம் 24 வாரம் ஆய்வு நடந்தது. கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குமட்டல், 17 சதவீதம் பேருக்கு வாந்தி. 9.5 பேட்ச் ஒட்டியவர்களில் அது 7 சதவீதம், 6 சதவீதம். நினைவாற்றலில் கிடைத்த பலன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மருந்தை மாற்றாமல் அது உடம்புக்குள் நுழையும் வழியை மட்டும் மாற்றியதில் கிடைத்த லாபம் இது. என்னைக் கேட்டால், அல்சைமர் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கைக்கு இதுவரை பெரிதாக உதவிய கண்டுபிடிப்புகளில் இதற்கு ஓர் இடம் உண்டு.

அப்புறம், மூளைக்குப் போகுமா என்ற கேள்வி. போகும். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் நெருக்கமாகக் கோத்து நின்று காவல் காக்கின்றன. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளையே பெரும்பாலும் உள்ளே விடும். ரிவாஸ்டிக்மின் அப்படிப்பட்டதுதான், அதன் மூலக்கூறு எடை வெறும் 250. தோலைக் கடக்க உதவும் அதே குணம்தான் மூளையின் காவலையும் கடக்க உதவுகிறது.

இனி ஒட்டும் முறை. இதில்தான் தவறுகள் நடக்கின்றன.

புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்துவிட்டீர்களா என்று கண்ணால் பாருங்கள். 4.6 என்பது 24 மணி நேரத்தில் உடம்புக்குள் போகும் மில்லிகிராம் கணக்கு. பேட்ச்சுக்குள் இருப்பதோ 9 மில்லிகிராம். அதாவது நீங்கள் உரித்து எடுக்கும் பேட்ச்சில் பாதி மருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. காலையில் மகள் ஒட்டியது தெரியாமல் மாலையில் மருமகள் இன்னொன்று ஒட்டுவதும், பழையது முதுகிலேயே தங்கிவிடுவதும் நடக்கக்கூடியவை. இப்படி ஒரே நேரத்தில் பல பேட்ச் இருந்து உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால் வீட்டில் ஒருவர் மட்டும் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் "வலது தோள், காலை 9" என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. எடுத்த பேட்ச்சைப் பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் கண்ணைத் தொட வேண்டாம்.

இடம்: முதுகு, மேல்கை, மார்பு. அம்மா பிய்த்து எடுக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் கை எட்டாத மேல்முதுகே நல்லது. ரவிக்கையின் விளிம்பு உரசும் இடமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டி, ஈரம் நன்றாக உலர்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள். அந்த இடத்தில் பவுடர், எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பசை பிடிக்காது. அன்று பழையதை எடுத்துவிட்டுக் குளிப்பாட்டி, பிசுக்கு முழுவதும் போனபின் புதியதை ஒட்டலாம். ஒட்டிய இடத்திலேயே 14 நாளைக்குத் திரும்ப ஒட்டாதீர்கள். பேட்ச் மேல் ஒத்தடம் கொடுப்பதும், வெகுநேரம் வெயிலில் உட்காரவைப்பதும் வேண்டாம். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்.

இலேசான சிவப்பும் அரிப்பும் சகஜம். சிவப்பு பேட்ச்சின் எல்லையைத் தாண்டிப் பரவினாலோ, கொப்புளம் வந்தாலோ, எடுத்து இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றாலோ ஒட்டுவதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றி விழுந்தால், நாடித்துடிப்பு மிகவும் குறைந்தால், விடாமல் வாந்தி எடுத்தால் பேட்ச்சை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அல்ட்ராசவுண்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லெக்கனெமாப் போன்ற புதிய மருந்துகள், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் கரைக்கும் ஆன்டிபாடிகள். ரிவாஸ்டிக்மினைவிட சுமார் 600 மடங்கு பெரிய மூலக்கூறுகள். ரத்தத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மூளைக்குள் நுழைகிறது. அதனால்தான் நுண்குமிழிகளை ரத்தத்தில் ஏற்றி, ஒலியலையால் அவற்றை அதிரவைத்து, அந்தக் காவல்சுவரைத் தற்காலிகமாகத் திறந்து பார்க்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அலி ரெசாயின் குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அப்படித் திறந்த பகுதியில் ஆறு மாதத்தில் அமிலாய்டு, திறக்காத பகுதியைவிடச் சராசரியாக 32 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் பயன்பட்ட, லெக்கனெமாப் போலவே ஆன்டிபாடியான அடுகனுமாப் மருந்தையே அதன் நிறுவனம் பிறகு கைவிட்டுவிட்டது. இதை நம்பி அம்மாவின் இன்றைய மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

லெக்கனெமாப்பும் ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு மட்டும்தான். 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. மூளையில் வீக்கமோ கசிவோ வருகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தபடியே கொடுக்க வேண்டும். அம்மாவின் நிலைக்கு அது பொருந்துமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பேட்ச் நோயைக் குணமாக்காது. மறந்த பெயர்கள் எல்லாம் திரும்பி வந்துவிடாது. சில மாதங்களுக்கு அம்மா தானே தலை வாரிக்கொள்வதும், பேச்சில் கொஞ்சம் கூடுதலாகக் கலந்துகொள்வதும் நீடித்தால் அதுவே நல்ல பலன்.

இன்னொன்று. வாந்திக்காக மெட்டோகுளோப்ரமைடு வாங்கிக் கொடுத்தீர்களா? ரிவாஸ்டிக்மினோடு அது சேரக்கூடாது; உடல் இறுக்கமும் நடுக்கமும் வரலாம். சிறுநீர் அடக்க முடியாமைக்குக் கொடுக்கும் ஆக்சிபியூடினின், சில சளி, அலர்ஜி மாத்திரைகள் போன்றவை அசிட்டைல்கோலினுக்கு நேர் எதிராக வேலை செய்யும். அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். எடையையும் மாதம் ஒரு முறை குறித்து வாருங்கள். 50 கிலோவுக்குக் கீழே போனால் பக்கவிளைவு கூடும் என்பதால், அளவைக் கூட்டும் முன் டாக்டருக்கு அந்தக் கணக்கு தேவைப்படும்.