புல்லட் பிளாக்குக்கு வீட்டில் அடித்த பெயின்ட் ஏன் உரிகிறது?

புல்லட் பைக்கின் பிளாக்குக்கு, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதிக்கு, சூடு தாங்கும் பெயின்ட் வாங்கி வீட்டிலேயே அடித்தும் மூன்றே மாதத்தில் செதில் செதிலாக வருகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் பெயின்ட் மேல் தப்பில்லை, இரும்புக்குள் எண்ணெய் இருக்கிறது.

என் பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு பிளாக்கை டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரில் துடைத்தேன். வெள்ளைத் துணியில் கறையே இல்லை. அப்படியே சேலத்து ஏப்ரல் வெயிலில், மொட்டை மாடியில் வைத்துவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஃபின்களின் (சூட்டைக் காற்றில் விடும் தகடு வரிசை) அடியில் கடுகு கடுகாக எண்ணெய் வியர்த்திருக்கிறது! நுண்துளைகளில் வருஷக்கணக்கில் ஊறியது சூட்டில்தான் வெளியே வரும். அதனால் வெயிலில் வை, ஆறவிடு, தின்னரில் துடை, மறுபடி வை. எனக்கு நாலு முறை ஆனது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் மிச்சம். ஒரே படலமாகப் பரவினால் சரி. உடனே துடைத்துக் காயவையுங்கள், வார்ப்பிரும்பு சில நிமிடத்திலேயே சிவக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் எமரி தாள், கடைசியாக ஒரு தின்னர் துடைப்பு. கேஸ்கட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகத்திலும் சிலிண்டர் துளைக்குள்ளும் பெயின்ட் போகவே கூடாது, டேப் ஒட்டுங்கள். அலுமினிய மூடிகளைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடாதீர்கள். அது அலுமினியத்தையே தின்னும், கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

ஒரு முறை ஏற்காட்டில் நண்பர் வீட்டு வாசலில் வைத்து அடித்தோம். பனி இறங்கிய நேரம். கறுப்பு பெயின்ட் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மெல்லிசாக இரண்டு மூன்று கோட் போதும். ஃபின்களில் தடியாக அப்பினால் சூடு வெளியேறாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் இந்த சிலிக்கோன் பெயின்ட் நிஜமாக இறுகுவது 200 டிகிரி அளவுச் சூட்டில்தான். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். அதற்கு முன் பெட்ரோல் பட்டால் கையோடு வந்துவிடும். சமையலறை ஓவனில் மட்டும் வைக்காதீர்கள், அந்தப் புகை சாப்பாட்டுக்கு ஆகாது. நான் வண்டியில் பூட்டி, பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன்.

உங்கள் பிளாக்கில் உரியாத இடத்தையும் சேர்த்து வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். பழைய பெயின்ட் மேலேயே அடித்தால் புதியதும் சேர்ந்து வந்துவிடும்.