கிண்ணத்தைக் காலியாகத் தருவதில்லை

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 42. தினமும் நன்றி எழுதினால் மனசு லேசாகும் என்று தோழி சொன்னதால் ஜனவரியில் ஒரு நோட்டு வாங்கினேன். படுக்கப்போகும்முன் மூன்று விஷயங்கள் எழுத வேண்டும். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்றே இருக்கிறது. இம்போசிஷன் எழுதுவதுபோல் ஆகிவிட்டது. நேற்று மழையில் டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பைத் தாண்டிக் கம்பெனி வாசலிலேயே இறக்கிவிட்டார். இதையெல்லாமா எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து நான்தான் சமைக்க வேண்டும். அலுத்துக்கொண்டால் மாமியார், “இதுகூட இல்லாதவங்க எத்தனை பேரு, இருக்கறதுக்கு நன்றியோட இரு கண்ணு” என்பார். அப்போது அந்த நோட்டின் மேலேயே கோபம் வருகிறது. எனக்கு நன்றியுணர்ச்சியே குறைவா?

க., அவிநாசி

அன்புள்ள க.,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. எழுத வேண்டிய ஆளை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்தக் கண்டக்டரைச் சொல்கிறேன்.

திருக்குறளில் நன்றி பற்றிய அதிகாரத்துக்குப் பெயர் ‘செய்ந்நன்றியறிதல்’. நன்றி என்று அங்கே சொல்வது பிறர் நமக்குச் செய்த நல்லதை. நம் பங்குக்கு இருப்பது அதை அறிவது. தேங்க்ஸுக்குப் பதிலாக ‘நன்றி’ என்று சொல்லிச் சொல்லி இது நமக்கு மறந்தேபோய்விட்டது. ‘தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்’ என்பதில் எல்லோரும் தினையையும் பனையையும் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் ‘பயன்தெரிவார்’ முக்கியம். செய்ததன் பயன் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் தினை பனையாகத் தெரியும்.

அன்றைக்கு பஸ்ஸில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அத்தனை கூட்டத்தில் உங்கள் கையில் குடை இல்லாததை அவர் பார்த்திருக்கிறார். நீங்கள் எந்தக் கம்பெனி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக இன்னொரு தடவை விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். டிரைவர் ஏதாவது முணுமுணுத்திருந்தால் அதையும் அவர்தான் கேட்டுக்கொண்டிருப்பார். ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்ற வரியில் இப்படி ஓர் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் மனசு எதைப் போய்த் தொடும்?

புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்கிறார். செய்த உதவியை மறந்தவனுக்குத் தப்பிக்க வழியில்லை என்று பொருள். அந்த வரி பிரபலம். அதே பாட்டில் சோழ மன்னன் கிள்ளிவளவன் பாணர்களுக்குக் கொடுத்ததை அவர் சொல்லும் விதத்தைப் பாருங்கள். புறாமுட்டை போன்ற வரகரிசியைப் பாலில் வேகவைத்துத் தேன் கலந்த சோறு, கூடவே சுட்ட முயல்கறி. சாப்பிட்டது எங்கே? இலந்தை மரம் ஓங்கி நின்ற மன்றத்தில். வரகுமணியின் உருவம்கூட அந்தக் கவிஞருக்கு நினைவிருக்கிறது. நன்றியறிதல் என்றால் எனக்கு இதுதான்.

ஈரோட்டில் நாங்கள் லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு கிண்ணத்தில் அரிசிம்பருப்புச் சாதம் கொடுத்துவிட்டால், அம்மா அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைப்பார். காலியாகத் திருப்பித் தரக்கூடாது. ஒரு கை சர்க்கரை போடுவார். மாசக்கடைசியில் அதுவும் இருக்காது, நாலு பச்சைமிளகாயோ ஒரு கொத்து முருங்கைக்கீரையோ வைப்பார். அதைக் கொண்டுபோவது என் வேலை. சும்மா கொடுத்துவிட்டு வந்தால் போதாது. “சின்ன வெங்காயத்த முழுசா போட்டிருந்தீங்களாமா, அதனாலதான் அத்தன ருசின்னு அம்மா சொல்லச் சொன்னாங்க” என்று ஒப்பிக்க வேண்டும். அந்தப் பெரியம்மாவின் முகம் மலர்வதை எத்தனையோ முறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ‘நன்றி’ என்று சொன்னதே கிடையாது.

உங்கள் தோழி சொன்ன பழக்கத்தின் மூலத்திலும் இது உண்டு. 2005இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். கூடவே அது ஏன் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களின் மகிழ்ச்சி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் கூடியே இருந்தது. கைக்குக் கை மாறி வந்ததில் அந்த ‘ஏன்’ உதிர்ந்துவிட்டது, பட்டியல் மட்டும் மிஞ்சியது. நீங்கள் தினமும் எழுத வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள், ஒரே ஒரு ஆள், பத்து வரி. போதும்.

இனி மாமியார் விஷயம். இல்லாதவர்களை எண்ணி வாயை மூடிக்கொள் என்பதற்கு நன்றி என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் அலுப்பு உங்களுடையது. ‘கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்’ என்று வள்ளுவர் சொல்கிறாரே என்றால், ஆமாம், சொல்கிறார். கொன்றதுபோன்ற தீங்கைச் செய்தாலும், அவர் செய்த ஒரு நல்லதை நினைத்தால் அந்த நோவு போய்விடும் என்று பொருள். அது நோகிறவர் தானாக எடுத்துக்கொள்ளும் மருந்து. அடுத்தவர் வாயைப் பிளந்து ஊற்றக்கூடாது. எட்டு மணிக்குமேல் யார் சமைப்பது என்பது வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்காரர் உலை வைக்கட்டும். அதைக் கேளுங்கள், நோட்டில் தேடாதீர்கள். அவர் வைத்துவிட்டால், அன்றைக்கு ரசத்தில் உப்பு எப்படி இருந்தது என்பதுவரை நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம், அந்தக் கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருக்கும். 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் ‘பெறுகிறவர் சங்கடப்படுவாரோ’ என்று அளவுக்கு மீறி நினைத்திருந்தார்கள். பெற்றவர்களோ எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். நாளைக்கும் அதே பஸ்ஸில்தானே போவீர்கள்? மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, “அன்னிக்கு நீங்க வாசல்ல நிறுத்துனதால ஃபைலு நனையலைங்கண்ணா” என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா