கல்யாணம் பண்ணியே சாம்ராஜ்யமா?

கேள்வி: "மற்றவர்கள் போர் செய்யட்டும், பாக்கியசாலி ஆஸ்திரியாவே, நீ மணம் செய்துகொள்" என்று ஹாப்ஸ்பர்க் வம்சத்தைப் பற்றி ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறதாமே! ரத்தம் சிந்தாமல், பெண் கொடுத்துப் பெண் எடுத்தே அவர்கள் பேரரசர்கள் ஆனார்கள் என்று படித்தேன். இந்தச் சாமர்த்தியம் ஐரோப்பாவின் மற்ற ராஜ குடும்பங்களுக்கு ஏன் வரவில்லை?

பதில்: வாசகம் இருப்பது உண்மைதான். அதை நம்பி ஹாப்ஸ்பர்க்குகளுக்கு அகிம்சாமூர்த்திப் பட்டம் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்திரியாவைக் கல்யாணத்தால் பிடித்த ஒருவர் இருந்தார். அவர் ஹாப்ஸ்பர்க் அல்ல. அவரைப் போர்க்களத்தில் சாய்த்துவிட்டு அந்த நாட்டை எடுத்துக்கொண்டவர்தான் ஹாப்ஸ்பர்க்.

ஆஸ்திரியாவை ஆண்ட பாபன்பெர்க் வம்சத்தில் 1246-ல் ஆண் வாரிசு அற்றுப்போனது. பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசர் ஒட்டகார் 1251-ல் அங்கே போய் இறங்கினார். மறு வருஷமே, செத்துப்போன டியூக்கின் அக்காள் மார்கரெட்டைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வயது இருபதை ஒட்டி. பெண் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததும், 1261-ல், அந்த அம்மாளைத் தள்ளியும் வைத்துவிட்டார். வெள்ளிச் சுரங்கம், பெரிய படை, பொஹீமியாவின் கிரீடம் என்று ஜெர்மானிய உலகிலேயே பலசாலி அவர்தான்.

பலசாலியாக இருந்ததுதான் வினை. 1250-ல் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் இறந்தபின் ஜெர்மானிய நாடுகளின் கூட்டான புனித ரோமப் பேரரசுக்கு உருப்படியான மன்னரே இல்லை. 1257-ல் ஒரே சமயத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: இங்கிலாந்து அரச குடும்பத்து ரிச்சர்டையும் காஸ்டில் மன்னர் அல்ஃபோன்ஸோவையும். அல்ஃபோன்ஸோ ஜெர்மனிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ரிச்சர்ட் 1272-ல் இறந்ததும், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பிரபுக்களும் பேராயர்களும் கூடி யோசித்தார்கள். ஒட்டகார் வந்தால் நம்மை மேய்ப்பார். நாம் மேய்க்கிற மாதிரி ஒருவர் வேண்டும். 1273 அக்டோபரில் அவர்கள் கண்ணில் பட்டவர் ருடால்ஃப். இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் பகுதியில் இருக்கும் ஹாப்ஸ்பர்க் கோட்டைக் குடும்பத்துப் பிரபு. வயது 55. அந்தக் காலக் கணக்கில் கிழவர். இன்னும் எத்தனை நாள் இருந்துவிடப் போகிறார்! ஒட்டகாரின் தூதர் எதிர்த்தார், எடுபடவில்லை.

சேதி வந்தபோது ருடால்ஃப் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பாசல் நகரை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பாசல் பிஷப், "ஆண்டவரே, இறுக்கிப் பிடித்து உட்காரும், இல்லாவிட்டால் உம்முடைய இடத்தையும் ருடால்ஃப் பிடித்துவிடுவார்" என்றாராம். ஆளை அறிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

சரி, கல்யாணமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. முடிசூட்டின கையோடு, தனக்கு ஓட்டுப் போட்ட இரண்டு பேருக்குத் தன் பெண்களைக் கொடுத்தார். பலட்டினேட் பிரபு லூட்விக்குக்கு மட்டில்டா, சாக்ஸனி டியூக் ஆல்பர்ட்டுக்கு ஆக்னஸ். இந்த லூட்விக், முதல் மனைவியின் நடத்தையில் சந்தேகப்பட்டு 1256-ல் அவர் தலையை வெட்டச் செய்தவர். தெரிந்தேதான் கொடுத்தார் ருடால்ஃப். இதற்குப் பெயர் மண உறவு என்றால், தேர்தல் கூலி என்பதற்கு வேறு பெயர் தேட வேண்டும். இந்தக் கல்யாணங்களில் ஒரு காணி நிலம்கூட அவர் வீட்டுக்கு வரவில்லை. வந்தது ஆள்பலம்.

நிலம் வந்தது சட்டத்தாலும் கத்தியாலும். இரண்டாம் ஃபிரடெரிக் காலத்துக்குப் பின் கைமாறிய பேரரசு நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1274-ல் நியூரம்பெர்க் சபையில் முடிவானது. யாரைக் குறிவைத்த சட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒட்டகார் மதிக்கவில்லை. 1276-ல் ருடால்ஃப் வியன்னாவை முற்றுகையிட்டுப் பணியவைத்தார். 1278 ஆகஸ்ட் 26, மார்க்ஃபெல்ட் சமவெளியில் கடைசிச் சண்டை. அறுபது வயது ருடால்ஃப் குதிரையிலிருந்து கீழே விழுந்து, மயிரிழையில் காப்பாற்றப்பட்டார். ஆனால் அவர் சுமார் அறுபது வீரர்களை மறைவாக நிறுத்தி வைத்திருந்தார். பகல் முழுக்கச் சண்டையிட்டு எதிரி களைத்த நேரத்தில் அவர்கள் பக்கவாட்டில் பாய்ந்தார்கள். ஒளிந்திருந்து தாக்குவது அன்றைய வீரமரபில் கேவலம். வெற்றி கிடைத்தபின் அதை யார் கேட்டார்கள்? ஒட்டகார் களத்திலேயே வெட்டப்பட்டார். 1282-ல் ருடால்ஃப் ஆஸ்திரியாவையும் ஸ்டிரியாவையும் தன் மகன்கள் பெயருக்கே எழுதிவைத்தார்.

நீங்கள் சொன்ன "பெண் கொடுத்துப் பெண் எடுப்பது" இதற்கப்புறம்தான் நடந்தது. ஒட்டகாரின் மகனுக்கு ருடால்ஃப் தன் மகள் குட்டாவைக் கொடுத்தார். ஒட்டகாரின் மகள் ஆக்னஸைத் தன் இளைய மகனுக்கு. அந்த இளைய மகனுக்குப் பிறந்த யோஹான், சொத்தில் பங்கு தராமல் இழுத்தடித்த பெரியப்பாவை, அதாவது ருடால்ஃபின் மூத்த மகனான மன்னர் ஆல்பர்ட்டை, 1308-ல் ராய்ஸ் ஆற்றங்கரையில் வெட்டிக் கொன்றார். குடும்பக் கோட்டைக்குப் பக்கத்திலேயே நடந்தது. கல்யாணம் சாம்ராஜ்யம் தரும் என்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதன்பின் மறுப்பில்லாத மன்னராக இன்னொரு ஹாப்ஸ்பர்க் வர 130 வருஷம் ஆனது. நடுவில் சுவிஸ் விவசாயிகளிடமும் நகரத்தாரிடமும் மார்கார்ட்டனில் ஒரு அடி, செம்பாக்கில் ஒரு அடி. 1415-ல் பெயர் தந்த கோட்டையே கைவிட்டுப் போனது. 1356-ல் பேரரசர் நான்காம் சார்லஸ், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் யார் என்று பொன்முத்திரைச் சாசனத்தில் எழுதிவைத்தபோது, அதில் ஹாப்ஸ்பர்க் பெயர் இல்லை.

அந்தச் சார்லஸின் மாப்பிள்ளை, ஹாப்ஸ்பர்க் வீட்டு நான்காம் ருடால்ஃபுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பொறுக்க முடியாமல் அவர் செய்த காரியம் போர்ஜரி. 1358, 59-ல் ஐந்து பத்திரங்கள் தயாராயின. ஆஸ்திரியாவுக்கு இல்லாத சலுகை இல்லை, அதன் பிரபுவுக்கு "ஆர்ச்டியூக்" என்று ஒரு புதுப் பட்டம். சாட்சிக்கு யார்? ஜூலியஸ் சீஸரும் நீரோவும் எழுதிக் கொடுத்ததாக இரண்டு கடிதங்கள்! மாமனார் அவற்றைக் கவிஞர் பெத்ரார்க்கிடம் அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். பெத்ரார்க் 1361-ல் பிய்த்து உதறிவிட்டார். சீஸர் தன்னை "நாம்" என்று எழுதியதே கிடையாது. "அகஸ்டஸ்" பட்டமோ அவருக்குப் பின்னால் வந்தவருடையது. அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் குடும்பம் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. 1453-ல், தங்கள் வீட்டுப் பிள்ளை மூன்றாம் ஃபிரடெரிக்கே பேரரசராக இருந்தபோது, அவரே அதைச் செல்லும் என்று உறுதிசெய்துவிட்டார்.

இந்த ஃபிரடெரிக்கை நான் விட மாட்டேன். வம்சத்தின் உண்மையான மூலதனம் இவர்தான். தூங்குமூஞ்சி என்று ஊரே கேலி செய்தது. 1462-ல் சொந்தத் தம்பியே வியன்னா கோட்டைக்குள் வைத்து முற்றுகையிட்டார். 1485-ல் ஹங்கேரி மன்னர் மத்தியாஸ் வியன்னாவையே பிடித்துக்கொண்டார். இவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இருந்தார், அவ்வளவுதான். 53 வருஷம் சிம்மாசனத்தில் இருந்தார். தம்பி 1463-ல் போனார், மத்தியாஸ் 1490-ல் போனார், இருவருக்கும் சட்டப்படியான பிள்ளை கிடையாது. போனதெல்லாம் திரும்பி வந்தது.

புகழ்பெற்ற பர்கண்டி சம்பந்தமும் சாவில்தான் தொடங்குகிறது. பர்கண்டி டியூக் சார்லஸ் 1477 ஜனவரியில் நான்சி போர்க்களத்தில் விழுந்தார். ஒரே மகள் மேரி. பிரான்ஸ் மன்னர் நிலத்தை விழுங்க வர, அந்த ஆகஸ்டில் மேரி ஃபிரடெரிக்கின் மகன் மாக்ஸிமிலியனைக் கெண்ட் நகரில் மணந்தார். ரத்தம் சிந்தாத சீதனமா? அதைக் காப்பாற்ற 1493 வரை போர். நடுவே 1488-ல் புரூஷ் நகரத்து மக்கள் மாப்பிள்ளையையே பிடித்து மாதக்கணக்கில் பூட்டி வைத்தார்கள்.

ஸ்பெயின் கதை இன்னும் பயங்கரம். மாக்ஸிமிலியனின் மகன் பிலிப், ஸ்பெயின் இளவரசி யுவானாவை 1496-ல் மணந்தபோது, அந்தப் பெண் ஸ்பெயினுக்கு வாரிசே அல்ல. 1497-ல் அண்ணன் இறந்தார். 1498-ல் அக்காள் பிரசவத்தில் இறந்தார். 1500-ல் அக்காள் பெற்ற குழந்தையும் போனது. யுவானாவின் தந்தை ஃபெர்டினாண்டு, அராகன் ராஜ்யமாவது மருமகன் வீட்டுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று மறுமணமே செய்துகொண்டார். 1509-ல் பிறந்த பிள்ளை சில மணி நேரம்கூடத் தங்கவில்லை. இத்தனை சாவுகளை எந்தக் கல்யாணத் தரகர் திட்டமிட முடியும்?

அத்தனையும் வாய்த்த, பிலிப்–யுவானா பெற்ற பிள்ளை ஐந்தாம் சார்லஸுக்கும் 1519-ல் பேரரசர் பதவி சும்மா வரவில்லை. பிரான்ஸ் மன்னர் எதிர்வேட்பாளர். ஏறத்தாழ எட்டரை லட்சம் கில்டர் இறைத்தார்கள்; அதில் பெரும்பகுதி ஆக்ஸ்பர்க் வட்டிக்கடைக்காரர் யாக்கோப் ஃபுக்கருடையது. 1523-ல் அவரே பேரரசருக்கு எழுதினார்: நான் இல்லாமல் தங்களுக்கு இந்தக் கிரீடம் கிடைத்திருக்காது, பணத்தைக் கொடுங்கள் என்று.

மற்ற குடும்பங்களுக்கு ஏன் இந்தச் சாமர்த்தியம் வரவில்லை என்றீர்கள். எல்லோரிடமும் இருந்தது. 1364-ல் லக்ஸம்பர்க் வம்சமும் ஹாப்ஸ்பர்க்குகளும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: யார் வம்சம் முதலில் அற்றுப்போகிறதோ, அவர்கள் சொத்து மற்றவருக்கு. 1437-ல் அற்றுப்போனது லக்ஸம்பர்க். மாறி நடந்திருந்தால் அந்த லத்தீன் வாசகத்தில் வேறு நாட்டின் பெயர் இருந்திருக்கும். 1700-ல் மாறியே நடந்தது. ஸ்பெயின் ஹாப்ஸ்பர்க் கிளை பிள்ளையில்லாமல் முடிய, பாட்டி ஹாப்ஸ்பர்க் வீட்டுப் பெண் என்ற உரிமையில் பிரான்ஸ் மன்னரின் பேரன் அங்கே போய் உட்கார்ந்தார். வியன்னாவிலிருந்த ஹாப்ஸ்பர்க்குகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1701-லிருந்து 1714 வரை போர் செய்தார்கள்.