வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் வைக்கலாமா?

"பெற்றோரிடம் பேச பள்ளிக்கூடம் வாட்ஸ்அப் குரூப் நடத்துவது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆசிரியராகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தாராளமாக நடத்துங்கள். பணப் பேச்சை மட்டும் அதில் எடுக்காதீர்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கிற மிஷின்) அடிக்கிறேன். காலை 8.30க்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30. போன வருடம் மகள் நாலாவது படித்தாள். ஒருநாள் ராத்திரி, ஃபீஸ் பாக்கிப் பட்டியலை நோட்டிலிருந்து அப்படியே போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். 11 பெயர். நாலாவது என் மகள், சிவப்பு மையில் வட்டம் போட்டு. மறுநாள் சாயங்காலம் டீ டைமில்தான் நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் டிபன் பாக்ஸில் காலையில் கட்டிக் கொடுத்த தக்காளிச் சாதம் அப்படியே இருக்கிறது. "நாம காசு கட்டலைன்னு எல்லாத்துக்கும் தெரியும்மா" என்றாள்.

கட்டாதது உன் தப்புதானே என்று சிலர் வருவீர்கள். தப்புதான். அந்த மாதம் ஆர்டர் இல்லை, வாரத்தில் மூணு நாள்தான் வேலை. ஸ்கூல் ஆபீஸில் நேரிலேயே சொல்லி அவகாசம் கேட்டிருந்தேன். அதை வகுப்பில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஏன் சொல்ல வேண்டும்?

டீச்சர்களை நான் குறை சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் டீச்சர் வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டுத்தான் என் பெரியவனுக்கு வாய்ப்பாடே வந்தது. குரூப்பில் அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி வைத்தால் குட்மார்னிங் படங்கள் நின்றுவிடும். ஆனால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி (பல குரூப்பை ஒன்றாகச் சேர்த்து வைக்கிற வசதி) ஆரம்பித்து அதன் அறிவிப்புப் பகுதியில் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. ஃபீஸ் விஷயம் என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்தை ஏன் புதன்கிழமை மத்தியானம் வைக்கிறார்கள்? முந்தின நாள் ராத்திரிதான் குரூப்பில் வரும். போனால் அரை ஷிப்ட் கூலி போச்சு. போகாவிட்டால் பிள்ளைமேல் அக்கறையில்லாதவர்கள் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வைத்தால் நாங்கள் எல்லாருமே வருவோமே.

அந்தப் போட்டோவை நான் போய்க் கேட்டதும் அழித்துவிட்டார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். பாக்கியையும் அடுத்த மாதமே கட்டி முடித்துவிட்டேன். ஆனாலும் ராத்திரி என் போனில் மெசேஜ் சத்தம் கேட்டால், "ஸ்கூல்லருந்தாம்மா?" என்று இன்னும் கேட்கிறாள்.