சோபாவில் பேஸ் இல்லை, சாப்பாட்டு மேஜையில் அதிர்கிறது: இன்னொரு சப்வூஃபர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். டிவி இருக்கும் சின்னச் சுவரின் மூலையில் 10 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனும் கனத்த அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்), சோபா ஹாலின் சரியான நடுவில், அதற்குப் பின்னால் கடைசிச் சுவரை ஒட்டிச் சாப்பாட்டு மேஜை. படத்தில் குண்டு வெடித்தால் எனக்குச் சப்பென்று இருக்கிறது, மேஜையில் உட்கார்ந்திருக்கும் மனைவியோ "சத்தத்தைக் குறைங்க, தட்டு ஆடுது" என்கிறார். பாட்டில் சில பேஸ் கிட்டார் நோட்டு மட்டும் தனியாகப் பூம் என்று தூக்குகிறது. இதை விற்றுவிட்டு 12 இன்ச் வாங்கவா, இதே மாடலில் இன்னொன்று வாங்கவா? (கோவை வாசகர்)

பதில்: 12 இன்ச் வேண்டாம். அதை வாங்கினால் மனைவியின் தட்டு இன்னும் நன்றாக ஆடும், உங்கள் சோபாவில் பெரிதாக ஒன்றும் மாறாது, ஏனென்றால் குறை சப்பில் இல்லை, ஹாலில் இருக்கிறது.

ஒலி நொடிக்குச் சுமார் 1125 அடி ஓடுகிறது. அதை ஹால் நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது 32-ஆல் வகுத்துப் பாருங்கள், 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு) வரும். ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால் இந்த 35 ஹெர்ட்ஸில் முன்சுவரும் பின்சுவரும் அதிரும், நடு ஹால் வெறிச்சோடிக் கிடக்கும், நீங்கள் தேடித் தேடி அந்த இடத்திலேயே சோபாவைப் போட்டிருக்கிறீர்கள்! அதன் இரட்டிப்பான 70-இல் கதை வேறு, இரண்டு ஓரத்தோடு நடுவும் சேர்ந்து தூக்கும். பேஸ் கிட்டாரில் டி கம்பியை விரல் வைக்காமல் மீட்டினாலே 73 ஹெர்ட்ஸ், ஆகவே உங்களைத் தொல்லை செய்யும் நோட்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். போதாததற்கு நம் வீட்டுச் சுவரெல்லாம் செங்கல்லும் கான்கிரீட்டும், பேஸை விழுங்கவே விழுங்காது.

காசு செலவழிப்பதற்கு முன்னால் சோபாவை 2 அடி பின்னுக்குத் தள்ளி ஒரு வாரம் கேளுங்கள். 35 கொஞ்சம் எட்டிப் பார்க்கும், 70-இன் பூமும் இறங்கும். மேஜை இடிக்கிறது, முடியாது என்றால் சப்பைத் தூக்கிச் சோபா மேலேயே வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து (தவழ்ந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை) எந்த இடத்தில் எல்லா நோட்டும் சமமாகக் கேட்கிறது என்று பாருங்கள், அப்புறம் சப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால் இன்னொன்று வாங்கலாம். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு செவ்வக அறைகளைப் பற்றிச் சொன்னது இதுதான்: நான்கு சுவரின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அந்த அளவு சமம் கிடைக்கும். உங்களுக்கு ஒன்று டிவிக்குக் கீழே, மற்றது மேஜைக்குப் பின்னால். 35 ஹெர்ட்ஸை ஒன்று ஒரு பக்கம் தள்ள மற்றது எதிர்ப்பக்கம் தள்ளும், ஓரத்து அதிர்வு அடங்கும். 70-இன் பூம் மட்டும் மிச்சமிருக்கும், அதை ரிசீவரின் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டி) ஈக்யூவில், அதாவது குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதியில், குறைத்துவிடலாம். இப்படித் தூக்கும் மேட்டை வெட்ட ஈக்யூ நல்ல கருவி. சத்தம் அமுங்கும் பள்ளத்தை நிரப்ப முயன்றால் கூட்டும் ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 4 மடங்கு பவர் தர வேண்டும், அப்படியும் பள்ளம் பெரும்பாலும் பள்ளமாகவே இருக்கும்.

வாங்கினால் அதே மாடல். பெட்டியில் ஓட்டை உள்ளதையும் இல்லாததையும் கலந்தால் ஃபேஸ் (இரண்டின் அதிர்வும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவது) ஒத்துப்போக வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். ரிசீவரில் இரண்டு சப் அவுட் (சப்புக்கான இணைப்பு) இருந்தாலும் பல மாடல்களில் உள்ளே ஒரே சிக்னல்தான், தனித்தனியாக லெவலும் தூரமும் அமைக்க முடியுமா என்று மேனுவலைப் பாருங்கள். பின்சுவர் வரை கேபிள், அங்கே ஒரு பிளக் பாயிண்ட், இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று, இரண்டு வைத்தால் சத்தம் கூடும், ஆழம் கூடாது. 40 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் சப்பை இரண்டாக வாங்கினாலும் அது 40-இல்தான் நிற்கும்.

கேள்வி: நான் தனியாக உட்கார்ந்து பாட்டு மட்டும் கேட்பவன். ஸ்டீரியோவுக்கு இடது, வலது என இரண்டு சப் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (மதுரை வாசகர்)

பதில்: கட்டாயமெல்லாம் இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரே நாற்காலிதான் என்றால் இரண்டு சப்புக்கான பணத்தை ஒரு நல்ல சப்பில் போடுங்கள், க்ராஸ்ஓவரை (எதற்குக் கீழான ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80-இல் வைத்துத் தொடங்குங்கள். ஆம்பில் சப் அவுட் இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரையே நேராக ஏற்கும் இன்புட் சப்பில் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.