குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கலாமா?

கேள்வி: நான் எட்டு மாதக் கர்ப்பிணி. குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறப்பதைப் பற்றிப் பிரசவ வகுப்பில் சொன்னார்கள். அதிலிருந்து பயமாக இருக்கிறது. மல்லாக்கத்தான் போட வேண்டும் என்றார்கள். என் அம்மாவோ, "கக்கினால் புரையேறும், குப்புறப் போடு" என்கிறார். எது சரி?

பதில்: வகுப்பில் சொன்னதுதான் சரி. பகலோ இரவோ, தூங்கும்போது மல்லாக்கத்தான். அம்மாவிடம் கோபப்படாதீர்கள். ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் போடச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியது. அதன்பின் இந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

புரையேறும் என்ற பயத்துக்கு வருவோம். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்கடியிலும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது சுலபமாக இறங்கும். இதை அம்மாவுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் பாட்டியையும் அழைத்து வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையை யாரோ ஒருநாள் குப்புறப் போடும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். சோபாவில் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. களைப்பாக இருந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். வீட்டில் யாராவது புகைபிடித்தால் பிரசவம் வரை காத்திருக்காமல் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தாய்ப்பாலும் ஒரு பாதுகாப்புதான்.

இந்தத் திடீர் மரணம் அரிதாக நடப்பது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதத்தில். முழுக் காரணம் இன்னும் தெரியவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் குழந்தையை இழந்த பெற்றோர் உண்டு. அது அவர்கள் தவறல்ல. ஆபத்தைக் குறைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அப்புறம், குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருந்தால், கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம். கழுத்தும் தோளும் உறுதிப்படும். அந்த வேலையை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.